காஞ்சிப் பட்டும் ஒரு கம்ப்யூட்டர் தட்டும்

காஞ்சிபுரம் போகிறவர்களில் மூன்று வகை உண்டு. சாமி கும்பிடப் போகிறவர்கள், புடவை எடுக்கப் போகிறவர்கள், சாமி கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் புடவைக் கடையில் சிக்கிக்கொள்பவர்கள். நான் நாலாவது வகை. தோள்பையில் ஒரு டிவிடித் தட்டைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனேன்!

பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போது நண்பன் போனில் பிடித்தான். "டேய், அப்பா காலையிலிருந்து வாசல்லயே உட்கார்ந்திருக்காரு. நீ என்னமோ டாக்டர் மாதிரி நெனச்சுக்கிட்டிருக்காரு."

நண்பனின் அப்பா பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது வருஷம் தறி ஓட்டியவர். கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக டிசைன் போடுவதில் கெட்டிக்காரர். கல்யாணத்துக்கு மனைவிக்கென்று அவரே போட்டு அவரே நெய்த பார்டர் ஒன்று. இரண்டு மயில், நடுவில் மாங்காய். அந்தப் புடவை இப்போது இல்லை. தறி நின்றுபோன ஒரு வருஷத்தில், பழைய பட்டுப் புடவையைச் சரிகை வெள்ளிக்காக எடைபோட்டு வாங்குகிறவரிடம் போய்விட்டது. அந்த அம்மாவும் இல்லை. 2015 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, டிரங்குப் பெட்டியிலிருந்த கிராஃப் பேப்பர்களும் கூழாகிவிட்டன.

மிச்சம் ஒன்றே ஒன்று. 2006-ல் நண்பன் அந்தப் பேப்பர்களையெல்லாம் ஸ்கேன் செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தான். பேத்திக்குக் கல்யாணம். பாட்டியின் பார்டரில்தான் முகூர்த்தப் புடவை வேண்டும் என்று பெண் சொல்லிவிட்டது. பெட்டியைத் திறந்தால் விண்டோஸ் வரவில்லை. பக்கத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றாராம் கடைக்காரர். வீட்டைச் சுத்தம் பண்ணத் தீ வைக்கலாம் என்பது போல!

என் கையில் இருந்தது லினக்ஸ் லைவ் தட்டு. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், தட்டிலிருந்தே ஒரு முழு இயங்குதளம் எழுந்து உட்காரும். அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். வாசல் பூட்டிக்கொண்டால் மாடி வழியாக இறங்குகிற மாதிரி. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-ல் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இந்த வித்தையைப் பிரபலமாக்கியது.

பெட்டி 2004-ல் வாங்கிய பென்டியம் 4. அதற்கு நான் போகும்போதே பூ வைத்திருந்தார்கள். உயிரோடிருக்கும்போதே ஏன் என்று கேட்கவில்லை.

தட்டைப் போட்டேன். பழைய கறுப்புத் திரை, பழைய புலம்பல். தட்டைச் சீந்தவே இல்லை. சரி, எந்தக் கதவை முதலில் தட்டுவது என்கிற வரிசை தப்பு. ஆன் செய்தவுடன் டெலீட் சாவியை விடாமல் அமுக்கி, பயாஸுக்குள் போய், சிடி டிரைவை முதலாவதாக்கினேன். சேவ் செய்தேன். கரெண்ட் போய்விட்டது. வந்ததும் பார்த்தால் வரிசை பழையபடி. தேதி 2004 ஜனவரி! மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரி செத்துப் போயிருக்கிறது. பெரியவர் தலையசைத்தார். "எனக்கும் அப்படித்தான் தம்பி. தூங்கி எழுந்தா எந்த வருஷம்னு தெரியலை." பேத்தி வாட்ச் கடைக்கு ஓடினாள்.

புது பேட்டரி போட்டும் தட்டு எழவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால், உள்ளே ஒரே ஒரு ஃபைல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. ஃபைலைப் பிரித்து 'இமேஜ்' ஆக எழுதுவதற்குப் பதில், அப்படியே காப்பி பண்ணித் தொலைத்திருக்கிறேன். முந்தின ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டே செய்த வேலை. தப்பை யாரிடமும் சொல்லாமல் மறைக்கலாமா என்று யோசித்தேன். பெரியவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

அவருக்குத்தான் சட்டென்று புரிந்தது. "அட்டையைக் கோக்காம, மூட்டையாவே கொண்டுபோய் தறி மேல வெச்சுட்டியா?"

அதேதான். ஜக்கார்டு தறியில் டிசைன் என்பது ஓட்டை போட்ட அட்டைகள். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அட்டைகளை வரிசையாகக் கோத்து மாட்டினால்தான் மயில் வரும். மூட்டையாக வைத்தால் மூட்டைதான். 1804 வாக்கில் பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு செய்த யந்திரம் அது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கும் அட்டை வைக்கத் திட்டமிட்டார். ஆக, இந்தப் பெட்டிக்குத் தறி கொள்ளுத்தாத்தா முறை. அந்த வீட்டில் யாரும் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை.

ஜெராக்ஸ் கடையிலேயே தட்டை ஒழுங்காக எழுதினேன். இந்த முறை மெனு வந்தது! வீடே கூடிவிட்டது. எண்டர் தட்டினேன். 'இந்த கெர்னலுக்கு 64 பிட் பிராசஸர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686' என்று ஒரு வரி வந்து நின்றது. தட்டு புதுசு, பெட்டி பழசு. பெரிய லினக்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக 32 பிட்டைக் கைவிட்டு வருகிறார்கள்.

பென் டிரைவில் போட்டுப் பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்து பயாஸுக்கு அதிலிருந்து எழத் தெரியவில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டலாம் என்றால், அது அகலப் பட்டை வயர் போகிற பழைய ஐ.டி.இ. ரகம், மாற்றி இணைக்கிற சாமான் அக்கம்பக்கத்தில் யாரிடமும் இல்லை.

பேத்தி திடீரென்று, "மாமா, லினக்ஸ்னா... ப்ளஸ் டூல கவர்ன்மென்ட் கொடுத்த லேப்டாப்ல பாஸ்னு ஒண்ணு இருந்துச்சே, அதுவா?" என்றாள். அதுவும்தான். சி-டாக் உருவாக்கியது. லேப்டாப் திட்டம் தொடங்கியதே 2011 செப்டம்பர் 15-ல், இந்த ஊரில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளில். "நீ அதைத் திறந்து பார்த்தியா?" என்றேன். "படம் பார்க்க விண்டோஸ்தான் மாமா!" இத்தனைக்கும் காஞ்சிபுரத்தில் லினக்ஸுக்கென்றே ஒரு பயனர் குழு பல வருஷமாக இருக்கிறது. பட்டுக்கடை போர்டுகளுக்கு நடுவே அது யார் கண்ணில் படும்!

பழைய பெட்டிக்கென்றே ஒரு சின்ன லினக்ஸ் உண்டு, பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-ல் ஆரம்பித்தது. சில நூறு எம்.பி.தான், மெமரியிலேயே ஏறி உட்கார்ந்து ஓடிவிடும். ஜெராக்ஸ் கடையில் டவுன்லோடு போட்டேன். "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்றார் கடைக்காரர்.

ஒரு மணி நேரத்தைக் காஞ்சிபுரத்தில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பது பாவம். கைலாசநாதர் கோயில் நடக்கிற தூரம்தான். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, 1,300 வருஷம் இருக்கும். மணற்கல் யாளிகள் மழையில் கரைந்து மூக்கில்லாமல் நிற்கின்றன. சுற்றிலும் 58 குட்டிச் சந்நிதிகள். அங்கங்கே சுதையும் பழைய வண்ணமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு கண்ணோ ஒரு விரலோ மட்டும் தெரிகிறது. மீதியை நாம் மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டியதுதான். கருவறையைச் சுற்ற ஒரு குறுகல் வழி. குனிந்து, தவழ்ந்து நுழைந்து அதேபோல் வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். என் சுற்றளவைப் பார்த்துவிட்டு நான் மறுபிறவிக்குச் சம்மதித்துவிட்டேன்.

திரும்பி வந்து பப்பித் தட்டைப் போட்டேன். ஓடுகிறது, ஓடுகிறது... பாதியில் ஒரு ஃபைலைக் காணோம் என்று நின்றுவிட்டது. தட்டில் இருக்கிறது, டிரைவுக்குத்தான் கண் தெரியவில்லை. இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில், இறக்கிய ஃபைலே சரிதானா என்று செக்சம் பார்த்தேன். ஃபைல் முழுவதையும் கூட்டிக் கழித்து ஒரு நீள எண்ணாக்கித் தருவது அது. வெளியிட்டவர் கொடுத்த எண்ணோடு ஓர் எழுத்து மாறினாலும் சரக்கு கோளாறு. "பாவு போட்டதும் இழையை எண்ற மாதிரியா?" என்றார் பெரியவர். அதேதான். எண் சரியாக இருந்தது. அப்படியென்றால் டிரைவ்.

கழற்றினேன். லென்ஸ் மேல் மெல்லிய பஞ்சுப் படலம். இருபது வருஷத்துப் பட்டுத் தூசி. சிவப்பு, பச்சை, கொஞ்சம் அரக்கு. காது குடையும் பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் துடைத்தேன். தட்டையும் அவசரமில்லாமல் குறைந்த வேகத்தில் மறுபடி எழுதி வாங்கினேன். வேகமாக எழுதிய தட்டைப் பழைய டிரைவ் படிக்கத் திணறும்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் திரையில் நாய்க்குட்டி வந்தது.

'இன்ஸ்டால்' என்கிற பட்டனைத் தொட வேண்டாம் என்று வீட்டிலுள்ள அத்தனை பேரையும் எச்சரித்துவிட்டு, ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். 'அப்பா டிசைன்' என்று ஒரு ஃபோல்டர். பென் டிரைவுக்குக் காப்பி போட்டேன். டிஸ்க் அங்கங்கே செத்திருந்தது. கொஞ்சம் வரும், முனகும், நிற்கும். மாங்காய் வந்தது, ருத்ராட்சம் வந்தது, யாளி வந்தது. மயில் மட்டும் பாதியில் அறுந்துவிட்டது. நாலு தடவை முயன்றேன். திறந்தால் மேல் பாதிதான் படம். கீழே சாம்பல் நிறம். நண்பன் அன்றைக்குப் பேப்பரைப் பக்கவாட்டில் வைத்து ஸ்கேன் செய்திருக்கிறான். திருப்பிப் பார்த்தால் ஒரே ஒரு மயில். அந்தப் பக்கத்து மயிலைக் காணோம்.

யாரும் பேசவில்லை. "மன்னிச்சுக்கங்கப்பா" என்றேன்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மூக்கு படுகிற தூரத்தில் போய், விரலால் கட்டங்களைத் தொட்டு எண்ணினார். "நடுக்கோடு தாண்டி நாலு கட்டம் வந்திருக்கு" என்றார். "ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நிக்கிற மயில்தானே தம்பி. ஒண்ணு கெடைச்சா போதும். மத்ததைத் திருப்பிப் போட்டுக்கறேன். அம்மாடி, கிராஃப் நோட்டு எடு."

நண்பனின் மனைவி மிளகு, சீரகம், சுக்கு மணக்க காஞ்சிபுரம் இட்லி கொண்டுவந்தார். "அண்ணே, நீங்க சாப்பிடுங்க. மாமா, நீங்களும்தான். மத்தியானமும் சாப்பிடலை."

பெரியவர் நிமிரவில்லை. பென்சில் போய்க்கொண்டிருந்தது.

"இரும்மா. எண்ணிக்கை தப்பிடும்."