இந்த மலை யாருக்குச் சொந்தம்?

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் விடுமுறை நாளில் திருப்பரங்குன்றம் போனது. அப்பா, அம்மா, அப்பத்தா, ஏழாவது படிக்கும் பையன்.

முதலில் முருகன் கோயில். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரை. மூலவர் பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் இங்கே அபிஷேகம் வேலுக்குத்தான். முழங்கால் வலியோடு வந்த அப்பத்தா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் மலையின் தெற்குப் பக்கம் உமையாண்டார் குகையைப் பார்த்தார்கள். சமணக் குடைவரையாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலானது அது. பிறகு மலையேறினார்கள். மேலே சிக்கந்தர் தர்கா. கடைசியாகச் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். அங்கே சுமார் 2000 ஆண்டு பழைய தமிழி எழுத்துக்கள்.

"அப்பா, இந்த மலை யாரோடது?" என்றான் பையன்.

1931இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன கேள்வி! 2025இல் தீபம் ஏற்றும் வழக்காக மறுபடியும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

"முதல்ல வந்தவங்களுக்கு..." என்று ஆரம்பித்த அப்பா, கற்படுக்கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதலில் வந்தவர்கள் அங்கே படுத்துறங்கிய துறவிகள்தானே? உரிமை கேட்க அவர்களில் ஒருவரும் இன்று அங்கே இல்லை.

கீழே இறங்கியதும் அப்பத்தா பேரனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கேட்டார்: "தர்காவுல எனக்கும் சேத்துக் கும்பிட்டியாய்யா?"

"இல்ல அப்பத்தா. சும்மா பாத்துட்டு வந்தோம்."

"அம்புட்டு தூரம் ஏறிப் போயிட்டு, கும்பிடாமயா வந்தீங்க?"

மற்றவர்கள் வரலாற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பக்தி என்னவோ படியே ஏறாத அப்பத்தாவிடம்தான் இருந்தது. மலை யாருக்குச் சொந்தம் என்று அவர் கேட்கவே இல்லை. நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், இல்லையா?