பத்து எம்பின்னா பத்து எம்பி இல்லீங்க

மெயில் சர்வர் பாத்துக்கிற நண்பர் யார்கிட்டயாவது "உங்க லிமிட் எவ்வளவு?"ன்னு கேட்டுப் பாருங்க. டக்குனு ஒரு நம்பர் வரும். அது எதோட அளவுன்னு அடுத்த கேள்வி கேட்டா கொஞ்சம் யோசிப்பார்.

போஸ்ட்ஃபிக்ஸை எடுத்துக்குவோம். வீட்ஸே வெனிமா எழுதி 1998-ல் வெளிவந்தது. எதையும் மாத்தாம விட்டா ஒரு மடலுக்கு 1,02,40,000 பைட் வரை அனுமதி. ஏறக்குறைய பத்து எம்பி. ஆனா இது நாம இணைக்கிற கோப்போட அளவு இல்ல மக்களே, வழியில போற மொத்த மடலோட அளவு! இணைப்புகள் பேஸ்64 முறையில எழுத்தா மாறித்தான் போகும். மூணு பைட் நாலாகும். வரி முடிவுகளையும் சேர்த்தா சுமார் 37 சதவீதம் வீக்கம். ஆக, உள்ளே போகக்கூடிய கோப்பு ஏழு எம்பி சொச்சம்தான்.

போன மாசம் வீ.கே.புதூர்ல இருந்து அத்தை பொண்ணு போன் பண்ணினா. வேலைக்கு விண்ணப்பம், அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட கடைசி. சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி எட்டு எம்பி. அறிவிப்புல "10 எம்பி வரை"ன்னு போட்டிருக்கு. மடல் திரும்பி வந்துட்டு. "அத்தான், நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல"ன்னு அழாத குறை. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எட்டு எம்பி வழியில பதினொண்ணு ஆயிடுது, அவ்வளவுதான். ரெண்டா பிரிச்சு அனுப்பச் சொன்னேன். நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அவளுக்குப் போன் பண்ண ஒரு அத்தான் இருந்தான். இல்லாதவங்க?

அதுல இருந்து எங்க ஆபீஸ் சர்வர் குறிப்புல ஒவ்வொரு லிமிட்டுக்கும் மூணு வரி எழுதுறேன். சர்வர் எண்ணுற அளவு. மனுஷன் இணைக்கக்கூடிய கோப்பளவு. கூடவே மாத்த வேண்டியது எது.

மூணாவது வரி சும்மா இல்ல. போஸ்ட்ஃபிக்ஸோட மெயில்பாக்ஸ் லிமிட் டீஃபால்ட்டா 5,12,00,000 பைட். "50 எம்பி ஆக்குப்பா"ன்னு மேனேஜர் சொன்னதும் மெசேஜ் லிமிட்ல 5,24,28,800-ன்னு போட்டீங்கன்னா அது மெயில்பாக்ஸைத் தாண்டிடும். லோக்கல் டெலிவரி நின்னு, மடல் எல்லாம் க்யூவுலயே தூங்கும்.

உங்க சர்வர் குறிப்புல என்ன எழுதியிருக்குன்னு ஒருதரம் பாத்துட்டு வந்து சொல்லுங்களேன்.