ஹோலுக்கு ஏன் இந்தக் கலர்?



பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், வட்டிலப்பம் கைக்குப் போக முன்னமே கேட்ட கேள்வி இது. ஒருவர் "பள்ளிவாசல் கதவு மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். இன்னொரு மாமி என்னைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "வீட்டுல ஏதும் பிரச்சினையா புள்ள?" என்று காதோடு கேட்டார். எல்லாருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லி முடியாது. எழுதுகிறேன் என்று சொன்னேன். இதோ.

கலர், கடும் பச்சை. பகலில் பார்த்தால் பச்சை, மஃரிபுக்குப் பிறகு கிட்டத்தட்டக் கறுப்பு. தேர்ந்தெடுத்தது நான் இல்லை, மகள். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு போன்தானே உலகம். நோன்புக்கு முன்னர் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்போம் என்று இவர் சொன்ன அன்றே அவள் ஐம்பது படம் சேர்த்து வைத்திருந்தாள். கறுப்புச் சுவர், கடும் நீலச் சுவர், மூலைக்கு மூலை சின்னச் சின்ன மஞ்சள் லைட், மேசையில் வரிசையாக மெழுகுதிரிகள். வெள்ளைக்காரர் நாட்டில் வெளியே பனி கொட்டும்போது இப்படித்தான் இருப்பார்களாம். நம்ம கற்பிட்டிப் பக்கம் மாசி மாதத்திலேயே விசிறி இல்லாமல் இருக்க முடியாது. அதைச் சொன்னேன். "உம்மா, இது குளிருக்கு இல்ல, மனசுக்கு" என்றாள். ஆசிரியை என்று பெயர்தான், அதற்குப் பதில் வரவில்லை.

படங்களை என் உம்மாவிடம் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது வேணாம்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடவும் வரவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். நாங்கள் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள். எனக்கு அப்போது பத்து வயது. அதன் பிறகு கிடுகுக் கொட்டில். கிடுகு புதிதாக இருக்கும்போது உள்ளே பகலிலும் இருட்டு. பழசாகி ஓட்டை விழுந்தால் வெளிச்சம் வரும், கூடவே மழையும் வரும். ஓ.எல். படிப்பையும் குப்பி லாம்பில்தான் முடித்தேன். கரண்ட் வந்தபோது உம்மா முதல் வேலையாக இரண்டு அறைக்கும் டியூப் லைட் போடச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் அறை லைட் இரவில் அணைந்ததில்லை. உறங்கும்போது விளக்கை அணைத்துவிடச் சொல்லும் ஹதீஸை, எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டை எரித்துவிடும் என்ற காரணத்தோடு சேர்த்து, எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். ஆனாலும் டியூப் லைட் எரியும். "இதுல திரி இல்லதானே" என்பார்.

ஆகவே உம்மாவுக்கு இருட்டென்றால் பயம், பழைய கொட்டில் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மகளிடமும் அப்படியே சொன்னேன். அவள் அழுதாள். "நான் பொறக்கவே இல்லாத நேரத்துல நடந்ததுக்கு நான் எவ்வளவு காலம் வெள்ளைச் சுவத்துல இருக்கணும்?" என்று கேட்டாள். கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

எங்கள் சுவர் வெள்ளையாக இருந்ததும் கொஞ்சக் காலம்தான். உலக வங்கி உதவியோடு 2007 இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில், அத்திவாரத்துக்கு ஒரு தவணை, சுவருக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று காசு வாங்கிக் கட்டிய வீடு இது. பூச்சு அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. கல் தெரியும் சுவரோடு ஐந்தாறு வருஷம் இருந்தோம். பிறகு பூசினோம், சீமெந்து நிறத்தோடேயே இன்னும் சில வருஷம். இப்போது காசு கொடுத்து அந்த நிறத்தைச் சுவரில் வரவழைக்கிறார்கள் என்று மகள் சொன்னபோது இவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

கடைசியில் ஒரு உடன்பாடு. ஹோலில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பச்சை. பெயின்ட் பாஸ் அதற்கும் சம்மதிக்கவில்லை. அவர் சொன்ன காரணம் நியாயமானது, கடலோரத்தில் வீடுள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நம்ம பக்கம் மணலிலும் தண்ணீரிலும் உப்பு. ஈரம் காயும்போது அது சுவரின் மேலே வெள்ளையாகப் பூக்கும். வெள்ளைச் சுவரில் தெரியாது. கடும் நிறத்தில் தேமல் மாதிரித் தெரியும். பூத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்தி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ப்ரைமர் அடிக்க வேண்டும். எங்களுக்கு ஈரம் வந்தது வெளிப்பக்கம் கை கழுவும் குழாயிலிருந்து. வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது, பச்சைப் பெயின்ட் வராவிட்டால் இன்னமும் சொட்டிக்கொண்டிருக்கும்.

கறுப்பு, கடும் நிறமெல்லாம் அபசகுனம் என்று சொன்னவர்களுக்கு மகளின் பதில்: "கஃபாவுக்குப் போர்த்தியிருக்கிற கிஸ்வா என்ன கலர்?" கறுப்புத் துணி, அதில் தங்க நூல் எழுத்து. அவள் போனில் காட்டிய அத்தனை படத்திலும் இருந்த சூத்திரமும் அதுதானே. பின்னால் கறுப்பு, முன்னால் கொஞ்சமாக மஞ்சள் ஒளி.

முதல் கோட் அடித்திருந்த நேரத்தில்தான், பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்துக் குரங்குக் கதை உங்களுக்கு மறந்திருக்காது. அதோடு நம்ம நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. 900 மெகாவாட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம், புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருட்டில் இருந்தோம். அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால வெட்டு.

திங்கட்கிழமை இரவு வெட்டு எங்கள் முறை. மகள் சும்மா இருப்பாளா? புதுப் பச்சைச் சுவருக்கு முன்னால் ஜாம் போத்தல்களில் நாலு மெழுகுதிரி ஏற்றி வீடியோ எடுக்கத் தொடங்கினாள். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. சுவர் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, ஹோல் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்ட மாதிரி.

உம்மா அறையிலிருந்து டோர்ச்சோடு வந்தார். ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு திரியையும் விரலால் நசுக்கி அணைத்தார். ஊதவில்லை, நசுக்கினார். நாலாவது போத்தல் தட்டுப்பட்டு உருண்டது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

1993 இல் என் தங்கைக்கு நாலு வயது. உம்மா கிணற்றடி வரிசையில் குடத்தோடு நின்றார். நான் ஓதப் போயிருந்தேன். கொட்டிலுக்குள் தங்கை மட்டும். குப்பி லாம்பு சரிந்து பாய் பற்றி, அவள் இடது கை வெந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாததை அன்றிரவு இருட்டில் உம்மா சொன்னார். தங்கை இருட்டுக்குப் பயந்து அழுதிருக்கிறாள். "வெளிச்சம் இருந்தா அழாதுன்னு நான்தான் கொளுத்தி வச்சிட்டுப் போனேன்." முப்பத்திரண்டு வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. வாப்பா மௌத்தாகும்வரை அவரிடமும் சொல்லவில்லையாம்.

அந்த லாம்புகளால் வெந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். தீக்காயக்காரர்களுக்குச் சிகிச்சை செய்து வெறுத்துப்போன சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்து, கட்டையான, பாரமான, திருகு மூடி போட்ட ஒரு லாம்பை வடிவமைத்தார். பெயர் 'சுதீபா'. விழுந்தாலும் உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டை. அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எங்கள் கொட்டிலில் இருந்தது உயரமான மருந்துப் போத்தல். பூனை உரசினாலும் சரியும்.

ஆக, உம்மா வேண்டாம் என்றது சுவரை இல்லை. படங்களில் இருந்த மெழுகுதிரிகளை. நான்தான் கேட்காமலே காரணம் கண்டுபிடித்து, மகளுக்கும் பாடம் எடுத்துவிட்டேன். "கறுப்பப் பூசு, என்னத்தையும் பூசு. எனக்கென்ன. நெருப்பு மட்டும் இந்த வீட்டுல அழகுக்கு வேணாம்" என்றார் மறுநாள் காலையில். மன்னாரில் இருக்கும் தங்கைக்கு வீடியோ கோல் எடுத்துச் சுவரைக் காட்டினோம். தழும்புக் கையாலேயே போனைப் பிடித்துக்கொண்டு, "மத்தச் சுவத்துக்கும் அடிங்க ராத்தா, அரைகுறையா இருக்கு" என்றாள். அதனால்தான் நாலு சுவரும் பச்சை. சீலிங் மட்டும் வெள்ளை.

லைட் விஷயம் கேட்டவர்களுக்கு: பெட்டியில் கே என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். 6500 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை, 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள். கடும் சுவர் வெளிச்சத்தைத் தின்னும். அதற்காக நடுவில் ஒரு பெரிய பல்ப் போடாதீர்கள், சின்னதாக நாலைந்தை உட்கார்ந்தால் தோளுக்கு வரும் உயரத்தில் வையுங்கள். மழைக்காலப் பூச்சியும் மஞ்சளுக்குக் குறைவாகத்தான் வரும். ஆனால் விடைத்தாள் திருத்த அது போதாது, எனக்கென்று மேசை லாம்பு ஒன்று தனியாக வாங்கினேன். தூசும் விரலடையாளமும் நன்றாகத் தெரியும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மெழுகுதிரிக்குப் பதிலாக மகள் பெட்டரியில் எரியும் பிளாஸ்டிக் திரிகள் வாங்கி வந்தாள். அசல் மாதிரியே துடிக்கும். நோன்பு முழுக்க, தராவீஹ் முடிந்த பிறகு உம்மா தன் அறை டியூப் லைட்டை எரியவிட்டபடி ஹோலுக்கு வந்து பச்சைச் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார முன்னர் ஒவ்வொரு திரிக்கும் மேலே உள்ளங்கையை ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் தஸ்பீஹை எடுப்பார். இப்போதும் அப்படித்தான்.