முந்நூறு வெள்ளி மாமரம்

சட்டத்தின் முன் சிறிய வழக்கு, பெரிய வழக்கு என்று பேதமில்லை என்று மேடையில் பேசுவோம். அலுவலகத்தில் கணக்கே வேறு. ஆயிரம் வெள்ளிகூடப் பெறாத தகராறோடு யாராவது வந்தால், தேநீர் வாங்கிக் கொடுத்து, "பேசித் தீர்த்துக்குங்க" என்று அனுப்பிவிடுவோம். லாயாங் லாயாங்கிலிருந்து வந்த தம்பியும் அப்படித்தான் திரும்பிப் போயிருப்பான். கிளம்பும் நேரத்தில் கைப்பேசியை எடுத்து ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினான். "தம்பி, பின்னால ரெண்டு ரம்புத்தான் இருக்கு பாரு, அதையும் அப்படியே தள்ளிடு." சொன்னவர், இவன் மரம் வெட்டப் போன வீட்டுக்காரர். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

லாயாங் லாயாங், குளுவாங் மாவட்டத்தில் ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர். சுற்றிலும் செம்பனை. செம்பனை விதை ஆராய்ச்சியில் 'ஊலு ரெமிஸ் டெலி டூரா' என்று ஒரு ரகம் உலகம் முழுக்கப் பேசப்படுகிறதே, அந்த ஊலு ரெமிஸ் இந்தப் பக்கத்துத் தோட்டம்தான். பையனின் அப்பா குலை அறுத்தவர், தாத்தா பால்மரம் சீவியவர். பையன் மட்டும் சிங்கப்பூரில் புல் வெட்டும் நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பழைய செயின்சா ஒன்றோடு ஊருக்குத் திரும்பியிருந்தான்.

ஆளை ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. மரத்தில் ஏறினால் எந்தக் கிளையை முதலில் இறக்க வேண்டும் என்று தெரிந்தவன். விலை சொல்லத்தான் வரவில்லை. எப்படி வரும்? தோட்டத்தில் விலை சொல்வது ஆபீஸ். பால் கிலோவுக்கு இவ்வளவு, குலை டன்னுக்கு இவ்வளவு என்று அங்கே எழுதுவார்கள். இவர்கள் எடைபோட்டுக் கொடுத்துவிட்டுச் சம்பள நாளுக்குக் காத்திருப்பார்கள். மூன்று தலைமுறையில் தன் உழைப்புக்குத் தானே ஒரு எண்ணைச் சொல்ல வேண்டி வந்த முதல் ஆள் இவன்தான். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு மாமரப் படத்தை அனுப்பி, "கிளை கழிக்க எவ்வளவு?" என்று கேட்டார். இவன் இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. "முந்நூறு வெள்ளி, அங்கிள்" என்று பதில் போட்டுவிட்டான். கேட்டவர் பேரம்கூடப் பேசவில்லை. அதிலேயே இவன் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் வேலை இரண்டு நாளானது. முதல் நாள் மாமரம். மறுநாள், குரல்பதிவில் சொன்ன ரம்புத்தான் இரண்டு. அவை பக்கத்து வீட்டுச் சிங்க் கூரைமேல் சாய்ந்து நின்றதால் கயிறு கட்டித் துண்டு துண்டாகத்தான் இறக்க முடிந்தது. வெட்டியதைச் சாலையோரம் குவித்ததும், "இதை யாரு எடுக்கிறது?" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். எரிக்க முடியாது; 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. பையன் லோரி பிடித்து மூன்று நடை அடித்தான், நடைக்கு 80 வெள்ளி. கூட வந்த உதவியாளுக்கு இரண்டு நாளுக்கு 160. பெட்ரோல், டூ-டி எண்ணெய், செயின் எண்ணெய் எல்லாம் சேர்த்து 45. ஆகக் கைச்செலவு 445 வெள்ளி. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் ஆறு ஐம்பது வெள்ளித் தாளை எண்ணி நீட்டினார். "முந்நூறுன்னுதானே பேசினோம்?"

ரம்புத்தானுக்கு 400, லோரிக்கு 240, மொத்தம் 640 வெள்ளி பாக்கி என்றான் பையன். பக்கத்து வீட்டுக் கூரைத் தகடு நசுங்கியதற்குத் தான் நஷ்டஈடு கேட்கப் போவதாக வீட்டுக்காரர் மிரட்டினார்.

நான் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல, மரங்களின் சுற்றளவைப் பற்றி. பையன் விழித்தான். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தைச் சாய்க்க ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்ட மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சொந்த வீட்டு மரம்தானே என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நல்ல வேளையாக, மாமரத்தில் கிளைதான் கழித்திருந்தான். ரம்புத்தான் அடிக்கட்டைகளை அளக்கச் சொன்னேன். இரண்டும் எண்பது சென்டிமீட்டருக்கு உள்ளேதான் இருந்தன.

இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவு: ஒருவர் இன்னொருவருக்காகச் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, அதை இனாமாகச் செய்யும் எண்ணமும் இல்லாமல், மற்றவர் அதன் பலனை அனுபவித்தால், அவர் ஈடு கொடுத்தாக வேண்டும். 1967இல் சியோ வோங் ஃபாட் எதிர் சுசூர் ரோத்தான் மைனிங் வழக்கில் பிரிவி கவுன்சில் இதை நான்கு நிபந்தனைகளாகப் பிரித்துச் சொன்னது. நான்கும் நிறைவேற வேண்டும். வேலை சட்டப்படியானதாக இருப்பது அதில் முதலாவது. விலை பேசாத ரம்புத்தானுக்குப் பையனுக்கு இருந்த வழி இதுதான். இனாமாகச் செய்யவில்லை என்பதற்கு அவன் தொழிலே சாட்சி. வெட்டச் சொன்னவர் யார் என்பதற்குக் குரல்பதிவு இருந்தது.

'வேலை அரைகுறை, அதனால் ஒரு காசும் கிடையாது' என்ற வாதமும் வரும் என்று எதிர்பார்த்தோம். இதற்கு இங்கிலாந்தில் இரண்டு பழைய தீர்ப்புகள் உண்டு. 1952இல் ஹோனிக் எதிர் ஐசக்ஸ்: 750 பவுண்டு அலங்கார வேலையில் குறை ஏறக்குறைய 55 பவுண்டுக்கு, அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள். 1972இல் போல்ட்டன் எதிர் மகாதேவா: 560 பவுண்டு வேலையில் 174 பவுண்டுக்குக் குறை, வேலை செய்தவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. குறை எவ்வளவு பெரியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே தகட்டை மறைக்காதே, நீயே முதலில் சொல்லி அதைக் கழித்துக்கொள்ளச் சொல் என்றேன்.

ஆமாம், அவன்தான் சொல்ல வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு வழக்குகள் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் கட்டளைப்படி மாஜிஸ்திரேட் முன் நடக்கும். அங்கே வழக்குப் போடுபவர் வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. 198ஆம் படிவத்தை நிரப்ப உதவினேன். என் பங்கு அத்தோடு முடிந்தது. குளுவாங் நீதிமன்றத்தில் பின் வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

மாஜிஸ்திரேட் சமரசத்துக்கு முயன்று பார்த்தார், வீட்டுக்காரர் மசியவில்லை. குரல்பதிவைக் கேட்ட பிறகு ரம்புத்தானைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. லோரிதான் இழுத்தது. முந்நூறு வெள்ளியில் கிளையை அப்புறப்படுத்துவதும் அடக்கமா? வாட்ஸ்அப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பையன் தடுமாறினான்.

தீர்ப்பு வந்தது. ரம்புத்தானுக்கு நியாயமான கூலி 350. லோரியில் ரம்புத்தான் ஏற்றிய இரண்டு நடைக்கு 160. மாமரக் கிளை போன நடைக்கு ஒன்றுமில்லை. விலை சொன்னவன் அதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். தகட்டுக்கு 70 கழிவு. ஆக 440 வெள்ளி. மாமரக் கிளை போன நடைக்கும் பணம் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எழுதாத விலையை நீதிமன்றம் எழுதித் தராது.

வெளியே வந்ததும் அவனோடு மாமரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டேன். முந்நூறில் லோரி 80, ஆள் 80, எண்ணெய் 20 போனால் மிஞ்சுவது 120. மரத்தில் ஏறாத உதவியாளுக்கு 80. ஏறி, கீழே விழும் ஆபத்தையும் சுமந்தவனுக்கு 120. அதிலும் செயின்சாவின் தேய்மானம், இடம் பார்க்கப் போகும் நேரம், வேலையில்லாத மழை நாள் எதுவும் சேரவில்லை. சுயதொழில் செய்பவருக்கான சொக்சோ காப்புறுதி 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதன் சந்தாவும் இந்த 120க்குள்தான் வர வேண்டும். அவன் அதுவரை விலை என்று சொல்லிக்கொண்டிருந்தது தன் கூலியை மட்டும்தான்.

இப்போது இடத்தைப் பார்க்காமல் எண் சொல்வதில்லை என்கிறான். எத்தனை மரம், வெட்டியதை யார் எடுப்பது, அடிக்கட்டை உண்டா இல்லையா, கூடுதல் வேலைக்கு எவ்வளவு என்று எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் ஏணியைத் தொடுகிறான். சிலர் வேண்டாம் என்று போய்விடுகிறார்களாம். போகட்டும்.

இதே நிலையில் யாராவது இருந்தால் ஒன்று சொல்லி வைக்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயம் வாங்குபவருக்கானது. வேலை செய்தவர் பாக்கி கேட்டு அங்கே போக முடியாது. உங்களுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் 198ஆம் படிவம்தான். காலவரம்புச் சட்டப்படி, பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை குரல்பதிவை அழித்துவிடாதீர்கள்.