இரண்டு தப்பு, ஒரு சரி

கேரி தீவு என்றதும் பலருக்கு நண்டுக் கடைகளும் மா மெரி மக்களின் மரச்சிற்பங்களும்தான் நினைவுக்கு வரும். நான் பாலம் தாண்டிப் போனது, டர்போ காடிகளின் அழுத்த சென்சாருக்கு அளவு பிடித்துத் தரும் ஒரு அண்ணனைப் பார்க்க. வீட்டை ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. பின்னால் செம்பனைக் காடு.

அவர் செம்பனை ஆலையில் கருவிகளைப் பராமரித்தவர். பழக்குலைகளை அவிக்கும் கலனில் நீராவி 3 பார் வரை ஏறும். அங்கே அழுத்தமானி தப்பாகக் காட்டினால் உயிருக்கே ஆபத்து. எந்த மானியையும் சோதிக்காமல் நம்பாத குணம் அங்கே படிந்ததுதான்.

அன்று கிள்ளான் தம்பி ஒருவர் தம் புரோட்டோன் பிரேவேயைக் கொண்டுவந்திருந்தார். வெளியே வாங்கிப் பூட்டிய சென்சார், அது தரும் வோல்ட்டைப் பிஎஸ்ஐயாக மாற்றி எழுதிவைக்கும் பதிவுக்கருவியோடு. விவரத்தாளின்படி, காற்றழுத்தம் ஏறாதபோது 0.5 வோல்ட், 30 பிஎஸ்ஐக்கு 4.5 வோல்ட். "பூஸ்ட் சரியா 15ல நிக்குதுண்ணே. இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பினார். மல்டிமீட்டரில் 0.52. ரேடியேட்டர் ஃபேனையும் முன்விளக்கையும் போட்டார், 0.58க்குத் தாவியது. காற்றே ஏறாமல் கிட்டத்தட்ட அரை பிஎஸ்ஐ கூடிவிட்டது! ஃபேன், முன்விளக்கு இரண்டின் எர்த்தும் சேரும் போல்ட்டிலேயே சென்சாரின் எர்த்தையும் முடுக்கியிருந்தார்கள். அவை இழுக்கும் மின்சாரம் அந்த இடத்தின் வோல்ட்டேஜையே தூக்கிவிடுகிறது. எர்த் கம்பியைப் பதிவுக்கருவிக்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் 0.52 அசையவில்லை.

அடுத்தது கைபம்பு. டி இணைப்பின் ஒரு பக்கம் சென்சார், மறுபக்கம் சோதித்துச் சான்று வாங்கிய அழுத்தமானி. 5, 10, 15, 20 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் முள் நிற்கும்வரை காத்திருந்து எழுதினார்: 1.16, 1.80, 2.44, 3.08. இறக்கும்போதும் அதே எண்கள். கோடு நேராகத்தான் இருந்தது, சாய்வுதான் வேறு: ஒரு பிஎஸ்ஐக்கு 0.133 வோல்ட் என்பது விவரத்தாள் கணக்கு, இங்கே 0.128.

இதுபோல் ஏறிய அழுத்தத்தை மட்டும் காட்டாமல், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து முழு அழுத்தம் காட்டும் வகை சென்சார் என்றால் சோதனை வேறு என்றார். கடல்மட்டத்தை ஒட்டிய இந்தத் தீவில், இன்ஜின் ஓடாதபோது அது 101 கிலோபாஸ்கல் அருகே காட்ட வேண்டும். சுமார் 1,800 மீட்டர் உயரக் கெந்திங் மலையில் 82 அருகே. கடலோரத்தின் 101ஐயே மலையிலும் கழித்தால், பூஸ்ட் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவாகத் தெரியும்.

பிறகு காகிதத்தைத் தம்பியிடம் நீட்டினார். உண்மையான 15க்கு சென்சார் தருவது 2.44 வோல்ட், பழைய எர்த் அதில் 0.06 சேர்த்தது, மொத்தம் 2.50. விவரத்தாள் கணக்கில் அது துல்லியமாக 15.

"அப்ப சரியாத்தானேண்ணே காட்டியிருக்கு?"

"லைட்டும் ஃபேனும் ஓடினா 15, ரெண்டும் நின்னா பதினாலரை. லைட்டைப் பார்த்தா தம்பி உன் டர்போ ஊதுது? எர்த்தை மட்டும் சரி பண்ணிட்டு விட்டிருந்தா, பூஸ்ட் குறைஞ்சு போச்சுன்னு நீயே ஏத்தியிருப்ப. பெட்ரோல் பத்தாம நாக்கிங் வந்து பிஸ்டன்தான் போகும்."

0.52, 0.128 என்ற புதிய இரண்டு எண்களையும் பதிவுக்கருவியில் ஏற்றினார். ஏற்றலாமா என்ற கேள்வியைத் தம்பி மறுபடி கேட்டபோது, முதலில் இந்தக் கணக்கோடு ஒரு வாரம் ஓட்டிப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார்.