உள்கணுக்காலுக்கு மேல் நான்கு விரல்

புதுச்சேரியின் பாகூர்க் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சிறிய பிசியோதெரபி கூடம். பெண்கள் அறையில் மூன்று கட்டில்கள், இடையிடையே பச்சைத் திரை. மூட்டு வலிக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் வந்தவர்கள்தான் அதிகம். என் முழங்காலில் சூட்டு ஒத்தடம். பக்கத்துத் திரை பாதி விலகியிருக்கிறது.

அம்மாவும் மகளும் வருகிறார்கள். மகளுக்கு இருபத்தைந்து இருக்கலாம். கன்னியக்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை என்பது பேச்சில் தெரிகிறது. அம்மா நடவுக்குப் போகிறவர். நகக்கண்களில் சேற்றுக் கறை.

"எங்கம்மா வலி?" என்று கேட்கிறார் பிசியோதெரபிஸ்ட்.

மகள் தலைகுனிந்திருக்கிறாள். அம்மாதான் பேசுகிறார். "மாசா மாசம் குளிக்கறதுக்கு நாலஞ்சு நாள் முந்தியே ஆரம்பிச்சிடுது மேடம். தலவலி, இடுப்பு வலி, தொட்டதுக்கெல்லாம் அழுவ. மாமியா வூட்ல இவளுக்குக் கொழுப்புன்றாங்க."

மகள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டுகிறாள். டாக்டர் இரண்டு மாதம் எழுதச் சொன்னாராம். பிசியோதெரபிஸ்ட் மெல்லப் படிக்கிறார்: "பன்னெண்டு, தலைவலி. பதிமூணு, மார் கனம். பதினாலு, சண்டை போட்டேன், அழுதேன். பதினாறு, வந்துடுச்சி. பதினெட்டு, நல்லாருக்கேன்." அடுத்த மாதப் பக்கத்திலும் அதே வரிசை. படித்துவிட்டு நிமிர்கிறார். "இது கொழுப்பு இல்லம்மா. இதுக்குப் பேர் இருக்கு."

1931-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் இந்த அவதியை மருத்துவ உலகின் முன் வைத்தார். 1953-இல் லண்டன் மருத்துவர்கள் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் இதை மாதவிடாய்க்கு முந்தைய நோய்க்குறித் தொகுதி என்று எழுதினார்கள். கருமுட்டை வெளிவந்த பிறகு உடலில் புரொஜெஸ்ட்ரோன் ஏறி இறங்குகிறது. எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். சிலருடைய மூளை மட்டும் அந்த ஏற்ற இறக்கத்தைக் கூடுதலாக உணர்கிறது. ஆகையால் இதை ரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. நாள்வாரியாக எழுதிய நோட்டில்தான் பிடிக்க முடியும். உதிரம் வருமுன் தொடங்கி, வந்த சில நாளில் விலகி, அடுத்த மாதமும் அப்படியே திரும்பினால் அதுதான் அடையாளம்.

"கொலுசக் கழட்டிடும்மா." மகள் கழற்றித் தருகிறாள். அம்மா முந்தானையில் முடிந்துகொள்கிறார்.

கேள்விகள் வரிசையாக வருகின்றன. நாள் தள்ளிப் போயிருக்கா? கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா? நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கா? வலிப்பு வந்ததுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றான பிறகே மின்தூண்டல் பெட்டி மேசைக்கு வருகிறது. கைக்கடக்கமான பெட்டி, இரண்டு திருகுகள், நான்கு ஒயர்கள், ஒட்டும் பட்டைகள். ஊசி கிடையாது.

மகளின் விரல்களையே அவள் காலில் அடுக்கி அளக்கிறார் பிசியோதெரபிஸ்ட். உள்கணுக்கால் எலும்பின் முனையிலிருந்து நான்கு விரல் மேலே, முழங்காலிலிருந்து இறங்கும் நெட்டெலும்பின் பின்விளிம்பில் ஓரிடம். சீன மருத்துவத்தில் அதற்குச் சான்யின்ஜியாவ் என்று பெயர். இன்னொரு பட்டை, கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடும் சதையில். கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு இடங்களையும் தொடுவதில்லை என்பது அக்குபஞ்சர் மரபு.

திருகு மெல்லத் திரும்புகிறது. "எப்ப தெரியுதோ சொல்லு." "எறும்பு ஊர்ற மாரி இருக்குது." "வலிக்கக் கூடாது. வலிச்சா சொல்லிடணும்." கட்டைவிரல் தானாகத் துடிக்கிறது. மகள் அதையே பார்க்கிறாள். முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பு.

உடலில் மின்சாரம் செலுத்தி வலியைத் தணிக்கும் எண்ணம் புதிதல்ல. 1825-இல் பாரீசில் சார்லாந்தியேர் என்ற மருத்துவர் குத்தூசிகளில் மின்சாரம் பாய்ச்சியது பற்றி நூல் எழுதினார். தொடுதலைச் சுமக்கும் நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்தில் வலி ஏறும் வாயில் ஒடுங்கும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நொடிக்கு 2 துடிப்பு ஒருவகை வலியடக்கிகளையும் 100 துடிப்பு வேறொன்றையும் உடலிலேயே சுரக்கச் செய்கிறது என்று பெய்ஜிங் ஆய்வாளர் ஹான் ஜிஷெங் காட்டினார்.

ஆனாலும் அளவோடுதான் நம்ப வேண்டும். அக்குபஞ்சர், அக்குபிரஷர் இரண்டும் மாதவிடாய்க்கு முந்தைய அவதிக்கு உதவுமா என்று 2018-இல் மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தபோது கிடைத்தவை ஐந்து சோதனைகள், 277 பெண்கள். உடல் குறிகளும் மனக்குறிகளும் குறையக்கூடும் என்று தெரிந்தது. சான்றுகளோ குறைவு, தரமும் போதாது. இந்தப் பட்டைகள் துணை நிற்கும். நோயை வேரறுக்கும் என்று யாரும் சொல்லக் கூடாது. இந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் அப்படிச் சொல்லவில்லை. "கொஞ்சம் கொறையும்மா. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தாத. நடக்கணும், நேரத்துக்குத் தூங்கணும்."

அரை மணி நேரம். மகள் கண்ணை மூடிக் கிடக்கிறாள். யாரும் அவளை வேலைக்கு அழைக்கவில்லை, எதற்கும் பதில் கேட்கவில்லை. வலி குறைந்தால் அதில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு, இந்த ஓய்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டுமே அவளுக்குத் தேவைதான்.

அம்மா தன் சேலையைச் சற்று உயர்த்துகிறார். நான்கு விரலைக் கணுக்காலுக்கு மேல் வைத்து அந்த இடத்தைத் தேடுகிறார். "நடவுக்குப் போற நாள்ல எனக்கும் இப்டிதான் இடுப்பு கடுக்கும். அழுவயா வரும். யாராண்ட சொல்றது?" பிசியோதெரபிஸ்ட் அந்த விரல்களைப் பிடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்துகிறார்.

பாகூர் ஏரித் தண்ணீரில் விளையும் நெல்லை நட்டவர்கள் இப்படிப்பட்ட பெண்கள்தான். நாள் முழுக்கக் குனிந்து நட்ட அவர்களின் வலி எந்த நோட்டிலும் ஏறவில்லை. இந்த அம்மாவின் மகளுடைய வலி ஏறியிருக்கிறது. கருவியைவிடப் பெரிய மாற்றம் அதுதான்.

இதைக் காட்ட அருகிலேயே இடங்கள் உண்டு. வில்லியனூர் கொம்யூனில் இராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவமனையின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. அரியூரிலும் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தூரம் ஒரு பேருந்துப் பயணம்தான். உங்கள் வீட்டுப் பெண் மாதம்தோறும் சில நாள் சுருண்டு கிடந்தால், எரிந்து விழுந்தால், ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இரண்டு மாதம் எழுதட்டும். அந்த நோட்டோடு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் நோட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். கொழுப்பு என்ற சொல்லை மட்டும் இனி யாரும் அவள் காதில் போடாதீர்கள்.