எந்தப் பக்கம் வலப்பக்கம்?

சென்ற ஆண்டு விழாவுக்கு ‘ஊதாரி மைந்தன்’ கதையை இசை நாடகமாக நடித்தோம். பாட்டுக் குழுவில் நாங்கள் பதினான்கு பேர். பத்து நாட்கள் வகுப்பறையிலேயே, பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை. வகுப்பறைக்கு ஒரே கதவு. ஆகவே யார் எப்பக்கம் வருவது என்ற கேள்வியே எழவில்லை. பிறகு மேடை ஏறினோம். ஏறிய அன்றே விபத்து!

“மூத்த மகன் வலப்பக்கம், பாட்டுக் குழு இடப்பக்கம்” என்றார் சிஸ்டர். மூத்த மகனாக நடித்தவள் அவ்வாண்டுதான் எங்கள் வகுப்பில் சேர்ந்தவள், அதிகம் பேசமாட்டாள். ஹார்மோனியம் ஒலித்ததும் அவள் பக்கத் திரையைவிட்டு வெளியே வர, அதே பக்கத்திலிருந்து நாங்கள் பதினான்கு பேரும் திமுதிமுவென்று ஓடிவந்தோம். அவள் விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. “வலது இடது கூடத் தெரியாதா உனக்கு?” என்று கேட்டோம். அவள் பதில் சொல்லவில்லை.

சிஸ்டர் எங்களை மேடையிலேயே உட்கார வைத்தார். மேடையில் வலம், இடம் என்பவை சபையைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலக்கையும் இடக்கையுமாம், பார்ப்பவருடையவை அல்லவாம். நாங்களோ என்றும் நாற்காலியில் அமர்ந்து பார்த்தே பழகியவர்கள். அவள் வந்த பக்கமே சரி! பதினான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அன்று மேலும் சில சொற்களைக் கற்றோம். முற்கால ஐரோப்பிய மேடைகள் பின்னே உயர்ந்து, முன்னே தாழ்ந்து சரிவாக இருந்தன. அதனால் பின்பகுதிக்கு ‘அப் ஸ்டேஜ்’, முன்பகுதிக்கு ‘டவுன் ஸ்டேஜ்’ என்று பெயர். பின்னே நிற்பவளுடன் பேச முன்னே நிற்பவள் திரும்பினால் சபைக்கு முதுகுதான் தெரியும். பாட்டும் சரியாகக் கேட்காது. நாம் பாடத் தொடங்குவதற்கு அடையாளமான முந்தைய வரியோ இசையோ ‘க்யூ’. எங்கள் க்யூ ஹார்மோனியம் அல்ல, மூத்த மகன் பாட்டின் கடைசி அடி! அதையும் நாங்கள் கவனிக்கவில்லை.

தமிழில் இவையெல்லாம் இல்லையா என்று தமிழாசிரியையிடம் கேட்டோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் காட்டினார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளமுள்ள அரங்கு. அதற்கு இரண்டு வாயில்கள். (எங்கள் வகுப்பறைக்கு இல்லாதது!) ஒரு பக்கமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என்று திரை மூன்று வகை. நாடகக் கம்பெனிகளின் காலத்தில் திரை ‘படுதா’ ஆயிற்று; நாயக வேடம் ‘ராஜபார்ட்’, பெண் வேடம் ‘ஸ்திரீபார்ட்’. நம் ராயப்பேட்டையில் நாம் நாள்தோறும் கடக்கும் அவ்வை சண்முகம் சாலைக்குப் பெயர் தந்த டி.கே. சண்முகம், 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறுதான். எங்களுக்கோ பதினான்கு!

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நடிக்கவே மாட்டாளோ என்று பயந்தோம். மாலையில் நாங்கள் நால்வர் அவள் வீட்டிற்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் அம்மா காப்பி கொடுத்தார். அவள் மட்டும் வெகுநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா நாளன்று காலில் கட்டுடன் வந்தாள். படுதா விலகுமுன் அவள் வலப்பக்கத் திரையோரம், நாங்கள் எதிர்த் திரையோரம். இருட்டில் அவள் தன் வலக்கையை உயர்த்திக் காட்டினாள். நாங்கள் பதினான்கு பேரும் இடக்கையை உயர்த்தினோம்.